டங்கன் அல்லாத துரை

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கைக்கு வந்தது. தராசில் ஏறிக் கூழாகப் போகவேண்டிய கட்டு. தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. இடப்பக்கம் நிற்பவர் யார் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. அந்தப் புருவத்தையும் பார்வையையும் தமிழ்நாட்டில் யாரிடம் காட்டினாலும் எம்.என். நம்பியார் என்பார்கள். வலப்பக்கம் நின்றவர்தான் என் பிரச்சினை. வெள்ளைக்காரர், வேட்டை உடுப்பு, கையில் துப்பாக்கி. நம்பியார் குள்ளமானவர் இல்லை. ஆனாலும் அவருடைய உச்சந்தலை இந்த மனிதரின் மூக்கைத் தாண்டவில்லை. படத்தின் பின்புறம் ஊதா மை முத்திரையில் ‘சேலம்’ என்ற ஒரு சொல் மட்டும் தேறியது.

கடைத் திண்ணையில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் நீட்டினேன். அவருடைய அப்பா மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவர். சிறுவயதில் அப்பாவுக்குத் தூக்குப் போசியில் சோறு கொண்டுபோனதைப் பற்றி ஆரம்பித்தால் மத்தியானம் வரை பேசுவார்.

“டங்கன் துரைங்க.” கண்ணாடியைக்கூட அவர் போடவில்லை. “மாடர்ன் தியேட்டர்ல வெள்ளைக்காரருன்னா டங்கன் துரை ஒருத்தருதான் கண்ணு.”

சேலத்தில் இது நியாயமான ஊகம். எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1909இல் பிறந்தவர். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியாவுக்கு வந்தார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர் பதினைந்து ஆண்டு தங்கிவிட்டார். தமிழ் தெரியாமலேயே எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதிலீலாவதி’யை இயக்கினார், எம்.எஸ். சுப்புலட்சுமியை வைத்து ‘சகுந்தலை’யும் ‘மீரா’வும் எடுத்தார். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அவர் செய்த இரண்டு படங்கள் ‘பொன்முடி’யும் ‘மந்திரி குமாரி’யும். இரண்டாவதில் ராஜகுருவாக வந்து மிரட்டியவர் நம்பியார்தான். ஆக, டங்கனும் நம்பியாரும் ஒரே படத்தில் நிற்பதில் விந்தை இல்லை.

ஆனால் எனக்கு ஒப்பவில்லை. டங்கனின் முகம் பல புகைப்படங்களில் இருக்கிறது. இது அது இல்லை. இயக்குநர் எதற்காகத் துப்பாக்கியும் முகப்பூச்சுமாக நிற்கவேண்டும்? இதற்கு மேல் இன்னொரு ஆதாரமும் கிடைத்துவிட்டதாக அன்று நான் மார்தட்டிக்கொண்டேன்: ‘மந்திரி குமாரி’ வந்த 1950ஆம் ஆண்டிலேயே டங்கன் இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஆகவே டங்கனுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். அந்த இரண்டாவது கோட்டுக்காகப் பின்னால் வெட்கப்பட நேர்ந்தது.

வேட்டை உடுப்பு என்றால் காடு. நம்பியார் நடித்த படங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்டவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ‘திகம்பர சாமியார்’, ‘சர்வாதிகாரி’ எல்லாம் கழிந்தன. 1952இல் வந்து நின்றேன். அங்கே ஒரே படத்துக்கு இரண்டு பெயர்: தமிழில் ‘காடு’, ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. இயக்கம் வில்லியம் பெர்க். நடிகர்கள் வரிசையில் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர், அதன் பிறகு நம் ஆட்கள்.

படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. மொத்தம் 73 நிமிடம்தான். திருச்செங்கோட்டில் என் வீட்டு மொட்டை மாடிக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், எதிரே அர்த்தநாரீசுவரர் மலையின் படிக்கட்டு விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, அன்று ராத்திரியே பார்த்தேன். அமெரிக்காவில் இதைப் பழுப்பேற்றிய பிரதிகளாக வெளியிட்டார்கள். பார்ப்பதற்குப் பழைய கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். கதை இதுதான்: யானைகள் மிரண்டு ஊர்களை மிதிக்கின்றன. காரணம் அறிய இளவரசி சீதா ஒரு குழுவோடு காட்டுக்குள் போகிறாள். ஏற்கெனவே ஒரு வேட்டைப் பயணத்தில் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டுத் தனியாளாகத் திரும்பிய ஸ்டீவ் பென்ட்லி என்ற வெள்ளைக்கார வேட்டைக்காரன் வழிகாட்டி. யானைகளை விரட்டுவது கம்பளிமயிர் மாமத யானை என்கிறான் அவன். ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பயணத்தில் தம்பியை இழந்த ராமா சிங், இவன் கோழைத்தனத்தை மறைக்கப் புளுகுகிறான் என்கிறான்.

பென்ட்லி திரையில் வந்ததும் படத்தை நிறுத்திப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நீண்ட தாடை, அதே உயரம். ராட் கேமரன், ஆறடி நாலங்குலம்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். யார் இவர், சேலத்துக்கு எப்படி வந்தார்?

இரண்டாவது கேள்விக்கான பதில் என் ஊரில் தொடங்குகிறது. திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம், அதாவது டி.ஆர். சுந்தரம், 1907இல் பிறந்தவர். நெசவுத் தொழிலில் இருந்த குடும்பம். நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போனார். படிப்போடு ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டும் திரும்பினார். சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸில் கூட்டாளியாகச் சினிமாவைப் பழகிக்கொண்டு, ஏற்காட்டு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சேலத்துக்காரர்கள் பட்டியலாகவே ஒப்பிப்பார்கள்: மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ 1938இல் இங்கிருந்து போனது, 1940இல் ‘உத்தம புத்திர’னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம். பட்டியலில் ‘ஜங்கிள்’ வரும்போது மட்டும் “ஒரு இங்கிலீஷ் படமும் எடுத்தாரு” என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள்.

ஆலைக்காரர் கணக்கோடு படம் எடுத்தவர் சுந்தரம். தளத்தில் ஒழுங்கு, நேரத்துக்கு வேலை, வருஷத்துக்கு மூன்று படம் என்று சொல்வார்கள். அவர் கூட்டுச் சேர்ந்த அமெரிக்க ஆளும் அதே ரகம். ராபர்ட் லிப்பெர்ட் அடிப்படையில் தியேட்டர் முதலாளி. தம் அரங்குகளில் ஓட்ட மலிவாகப் படம் வேண்டும் என்பதற்காகவே தயாரிப்பில் இறங்கியவர். முழுக் காட்சியில் பெரிய படத்துக்கு முன்னால் துணைக்கு ஓட்டும் சின்னப் படம்தான் அவர் சரக்கு. ஆனால் சாமுவேல் புல்லர் என்ற பெரிய இயக்குநருக்கு முதல் வாய்ப்புக் கொடுத்ததும் இந்தச் சிக்கனக்காரர்தான்.

படத்தின் தொழில்நுட்பக் குழுவை அலசினால் சுந்தரம் வாங்கியது என்ன என்பது விளங்கும். இயக்குநர் பெர்க், ‘ஜங்கிள் ஜிம்’ படங்களை இயக்கியவர். திரைக்கதை எழுதிய காரல் யங், டார்ஸான் படங்களுக்கு எழுதியவர். ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா ஊமைப்பட காலத்தில் தென்கடல் தீவுகளுக்குப் போய் எடுத்த ‘ஒயிட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஆப்பிரிக்காவில் ‘ட்ரேடர் ஹார்ன்’ எடுத்தவர். மூவரும் காட்டுப்படத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஆஸ்கர் வாங்கிய ஓர் ஒளிப்பதிவாளர் தம் கடைசிப் படங்களில் ஒன்றைச் சேலத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு, 1953இல் காலமானார் என்பது என்னவோ நம் சினிமா வரலாறுகளில் பெரிதாகப் பேசப்படவில்லை.

இனி கேமரன். இவர் விஷயத்தில் பெயரிலேயே முதல் முடிச்சு. ராட் கேமரன் என்பது வைத்துக்கொண்ட பெயர். இயற்பெயர் நேத்தன் ராடெரிக் காக்ஸ். இரண்டாவது முடிச்சு ஊர். சுவரொட்டி அமெரிக்க நட்சத்திரம் என்று சொன்னாலும் பிறந்தது கனடாவின் கால்கரியில், 1910 டிசம்பர் 7. சின்ன வயதில் கனடாவின் குதிரைப் போலீஸில் சேர ஆசைப்பட்டார். நடக்கவில்லை. நியூயார்க்கில் ஹாலந்து சுரங்கப்பாதை தோண்டியபோது கூலியாக வேலை பார்த்தார் என்றொரு தகவல் அவரைப் பற்றிய குறிப்புகளில் சுற்றிவருகிறது. அங்கேதான் எனக்குக் கணக்கு இடித்தது. அந்தச் சுரங்கம் 1927 நவம்பரில் திறக்கப்பட்டது. அப்போது இவருக்குப் பதினேழு நிரம்பவில்லை. வளர்ந்த உடம்பைக் காட்டி வயதை ஏற்றிச் சொல்லிச் சேர்ந்திருக்கலாம். அல்லது ஸ்டுடியோவின் விளம்பரக்காரர் ஆளை முரட்டுத் தொழிலாளியாகக் காட்ட ஒரு சுரங்கத்தைச் சேர்த்திருக்கலாம். அந்தக் கால ஹாலிவுட் விளம்பரத்தாள்களை நம்புவதும் நம்மூர்ப் பெண்பார்க்கும் படலத்தில் தரகர் வாயை நம்புவதும் ஒன்று.

உறுதியாகத் தெரிந்தவை வேறு. பாரமவுண்ட் ஸ்டுடியோவில் சண்டைக்காட்சி டூப்பாகவும், பிரெட் மெக்மரி போன்ற நடிகர்களுக்கு விளக்கு சரிபார்க்க நிற்கும் பதிலாளாகவும் இருந்து மேலே வந்தவர் அவர். 1940இல் செசில் பி. டிமில் எடுத்த ‘நார்த் வெஸ்ட் மவுண்டட் போலீஸ்’ படத்தில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. என்ன வேடம் என்கிறீர்கள்? கனடாவின் குதிரைப் போலீஸ்காரர். வாழ்க்கையில் கிடைக்காத சீருடையை ஒப்பனை அறையில் மாட்டிக்கொண்டார்.

1943இல் ரிபப்ளிக் நிறுவனத்தின் இரண்டு தொடர்படங்களில் ரெக்ஸ் பென்னட் என்ற துப்பறிவாளராக நடித்ததும் பெயர் பரவியது. வாரம் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கதாநாயகன் சாகக் கிடப்பான். அடுத்த வாரம் எழுந்து அடிப்பான். பிறகு குதிரை, துப்பாக்கி, புழுதிப் படங்கள். 1945இல் ‘சலோமி’ ஆடும் ஒரு நடனக்காரியை அமெரிக்க மேற்குக்கு இழுத்துவந்த ஒரு படத்தில் இவான் டி கார்லோவோடு நடித்தார். முதல்தர நட்சத்திரம் என்று யாரும் சொல்லவில்லை. வேலை இல்லாமலும் ஒரு வருஷம் போகவில்லை. நாற்பதைத் தாண்டிய அந்த நிலையில்தான் சேலத்துக்கு வருகிறார்.

படம் எப்படி என்று கேட்டால், மோசம். ஒளித்துப் பேசுவதில் பயனில்லை. முக்கால்வாசிப் படத்துக்கு நடக்கிறார்கள், நின்று பேசுகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். நடுவே நம் ரசிகர்களுக்காக ஒரு நடனம். சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் ஆன பிறகும் உண்மை தெரிந்த ஒரே ஆள் வெள்ளைக்காரன். யூட்டா மாநிலத்தில் பிறந்த மேரி வின்ட்சர் இந்திய இளவரசி. நியூயார்க்கில் பிறந்த ரொமேரோ ‘சிங்’. நம்மவர்கள் சுற்றி நிற்கிறார்கள். பெயர் வரிசையில் சுலோசனா என்று வருகிறதே, அது ஊமைப்பட காலத்தில் பம்பாயையே கலக்கிய ரூபி மேயர்ஸ். ஒரு காலத்தில் அவர் பெயருக்காகவே அரங்கம் நிறைந்தது. இங்கே அத்தையாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிரதம மந்திரியாக டேவிட். நம்பியாருக்கு மகாஜி என்ற பாத்திரம். நம்பியார் வருகிற காட்சிகளில் நான் கதையை விட்டுவிட்டு அவர் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மொழி மாறினாலும் அந்தப் பார்வை மாறவில்லை.

மாமத யானை கடைசியில்தான் தலைகாட்டுகிறது. அதுவரை காத்திருந்ததற்குக் கிடைத்த கூலி: சாதுவான நம்மூர் யானைகள், உடம்பு முழுக்கச் சடைசடையாக மயிர் போர்த்தியவை. ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். யானை நடக்கும்போது தோலோடு சேர்ந்து அந்த மயிர் அசையவில்லை. ஒரு தட்டுத் தாமதமாக, ஈரக் கம்பளி மாதிரி ஆடுகிறது. காது மட்டும் வழக்கம்போல விசிறிக்கொண்டிருக்கிறது. சேலத்து வெயில் தெரிந்தவனுக்கு அந்த யானைகள்மேல் வரும் இரக்கம் கதாபாத்திரங்கள்மேல் வராது. அதைப் பார்த்து முகம் சிரிக்காமல் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கிறார் கேமரன். எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்த இடம் அதுதான். ரிபப்ளிக் தொடர்படங்களில் பழகிய கை. எதிரே என்ன நின்றாலும் நம்பிச் சுடும்.

ரொமேரோவைப் பற்றி ஒரு வார்த்தை, அவர் என் தேடலில் குறுக்கே வந்து நின்றதால். கியூபாவின் விடுதலைக் கவிஞர் ஹோசே மார்த்தியின் பேரன் என்று சொல்லிக்கொண்டவர் அவர். 1966இல் தொலைக்காட்சி ‘பேட்மே’னில் ஜோக்கராக வந்தார். மீசையை மழிக்கமாட்டேன் என்று பிடிவாதம். மீசைக்கு மேலேயே வெள்ளைப் பூச்சை அப்பினார்கள். அதே மீசை ‘ஜங்கி’ளில் பூச்சில்லாமல் இருக்கிறது. “ஜோக்கர் சேலம் படத்துல நடிச்சிருக்கார்” என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னால் உடனே நிமிர்கிறான். “ராட் கேமரன் நடிச்சிருக்கார்” என்றால், “யாருங்க மாமா அது?”

இந்த ‘யாருங்க’தான் என்னை அதிகம் குடைந்தது. ஏனென்றால் அமெரிக்கக் கணக்கில் கேமரனின் நல்ல காலமே சேலத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1953இல் ‘சிட்டி டிடெக்டிவ்’ தொலைக்காட்சித் தொடர், 65 பகுதிகள். 1956 முதல் ‘ஸ்டேட் ட்ரூப்பர்’, 104 பகுதிகள். 1960இல் ‘கொரனாடோ 9’, 39 பகுதிகள். மூன்றிலும் அவர்தான் நாயகன். மூன்றுமே பெரிய ஒளிபரப்பு வலைப்பின்னல்களுக்குப் போகாமல், ஊருக்கு ஊர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கப்பட்டவை. நம் பாஷையில் சொன்னால் ஏரியா ஏரியாவாக விநியோகம். சின்ன ஊர் நிலையமும் வாங்கும், திரும்பத் திரும்பப் போடும். ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரக் கல் பதித்ததும் தொலைக்காட்சிக்காகத்தான்.

அந்தப் புகழ் சேலம் வரை வர வழியில்லை. டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பரில். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975இல். அமெரிக்க வீட்டுக்கூடங்களில் வாரம் தவறாமல் வந்துபோன முகம், தான் துப்பாக்கி பிடித்து நடித்துக்கொடுத்த ஊருக்கு மட்டும் மறுபடி வரவில்லை. நம் ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி பரவியபோது அவருடைய கறுப்பு வெள்ளைத் தொடர்களை வாங்கிப் போட யாருக்கும் தோன்றவில்லை. வண்ணத்தில் எடுத்த ஜோக்கர் தப்பித்துக்கொண்டார்.

பின்னாளில் கேமரன் யுகோஸ்லாவியா வரை போய் ஜெர்மன் தயாரிப்பாளர்களின் செவ்விந்தியப் படத்தில் ‘ஓல்டு பயர்ஹேண்ட்’ ஆக நடித்தார். 1960இல் அவர் செய்த ஒரு காரியம் ஹாலிவுட்டின் வம்புப் பத்திரிகைகளுக்குப் பல வாரத் தீனி: மனைவியை விவாகரத்துச் செய்துவிட்டு மாமியாரை மணந்துகொண்டார். நான் பார்த்த ஆட்களிலேயே தைரியசாலி இவர்தான் என்று இயக்குநர் வில்லியம் விட்னி சொன்னாராம். இந்த ஒரு செய்தி மட்டும் 1960இல் சேலத்துக்கு எட்டியிருந்தால் ஊர் அவரை மறந்தே இருக்காது. ஜார்ஜியா மாநிலத்தில் கெயின்ஸ்வில் என்ற ஊரில் 1983 டிசம்பர் 21இல் புற்றுநோயால் இறந்தார். சுந்தரம் அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1963 ஆகஸ்டில் போய்விட்டார்.

இத்தனையும் எழுதி முடித்த பிறகு, வழக்கமான சரிபார்ப்புக்காகப் படத்தின் பெயர் அட்டைகளை இன்னொரு முறை ஓடவிட்டேன். முதல் தடவை நான் நடிகர் பெயர்களை மட்டுமே படித்திருக்கிறேன். இந்தத் தடவை தயாரிப்புப் பகுதி. பெர்க், டி.ஆர். சுந்தரம், பக்கத்திலேயே இணைத் தயாரிப்பாளர்: எல்லிஸ் டங்கன்.

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் அப்படியே இருந்தன. ஆள் 1950இல் கிளம்பினார் என்றதும் வேலையும் முடிந்தது என்று நானாகவே தீர்மானித்திருக்கிறேன். ஹாலிவுட் பெர்க்குக்கும் சேலத்துச் சுந்தரத்துக்கும் இடையில், இரண்டு பக்கத்தின் பழக்கமும் தெரிந்த ஆள் அந்தக் காலத்தில் வேறு யார் இருந்திருக்க முடியும்? இதை முதல் நாளே யோசித்திருக்கவேண்டும். பின்னால் 1962இல் ‘டார்ஸான் கோஸ் டு இந்தியா’வுக்கும் இங்கே வேலை பார்த்தவர் இதே டங்கன்தான்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது; உள்ளே வீடுகள். அதைத் தாண்டி, அஸ்தம்பட்டி வழியாகச் செவ்வாய்ப்பேட்டைக்கு வண்டியை விட்டேன். பெரியவர் திண்ணையில்தான் இருந்தார். கைப்பேசியில் அந்தப் பெயர் அட்டையை நிறுத்திக் காட்டி, எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னேன்.

“நான் அன்னிக்கே சொன்னனுங்களே.”

“நீங்க சொன்னது பாதி சரிங்கய்யா. படத்துல நிக்கிறவர் டங்கன் இல்லீங்க. டங்கன் இதுல தயாரிப்புக்காரர். இவரு ராட் கேமரன். நடிகர்.”

இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புகைப்படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கியை, காக்கிச் சட்டையை, கரையான் தின்ற மூலையை. பிறகு படத்தைக் கவிழ்த்து, ஊதா முத்திரைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“பேரு எழுதிப் போடுங்க கண்ணு. நாளைக்கு இன்னொருத்தன் எங்கிட்ட வந்து கேப்பான்.”

பென்சிலை எடுத்து எழுதினேன். ராட் கேமரன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“வெறும் பேரா எழுதுவாங்க? துரைன்னு சேத்துப் போடுங்க.”